ஆளில்லாத பதினொரு துண்டுகள்

காலை மணி ஆறு பத்து. சைப்ரஸ் தீவின் கிழக்குக் கரையில், நாங்கள் தங்கியிருந்த விடுதியின் பின்வாசலைத் திறந்து மணலில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டவை துண்டுகள். கடலைப் பார்த்து வரிசையாகக் கிடந்த சாய்வுக் கட்டில்களில் பதினொன்றின் மேல் நீலத் துண்டு விரித்திருந்தது. ஆள் ஒருவரும் இல்லை. எனக்கு முன்னால் நடந்த நங்கை நின்றார். "மறந்து போட்டுட்டுப் போயிட்டாங்களாட்டம் இருக்குது அம்மிணி. ஈரத்துல கெடக்குது பாரு" என்றார்.

நங்கை என்பது எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை அழைக்கும் சொல். பள்ளிபாளையத்தில் அண்ணனின் தறிகளில் நெய்த துண்டுகளைச் சோதித்து, மடித்து, கட்டி அனுப்பும் கூடம் நங்கையின் பொறுப்பு. அங்கே பதினெட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்கள் கைக்கு வந்ததில் பாதிக்கு மேல் இந்தத் தீவின் விடுதிகளுக்குப் போகும் நீலத் துண்டுதான். அந்த வருஷம் தை மாதம் தீவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சாயம் நிற்கவில்லை, ஒரே கோடையில் வெளுத்துவிடுகிறது, இனி வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் சாயப்பட்டறைக்காரரைத் திட்டினார். நங்கை யாரையும் திட்டவில்லை. "கண்ணுல பாக்காம குத்தத்த ஒத்துக்க மாட்டனுங்க" என்றார். அதற்காகக் கடல் தாண்டுவாயா என்று அண்ணன் கேட்டார். "மளிகை வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போறதில்லீங்களா? இது இன்னுங் கொஞ்சம் தூரம், அவ்வளவுதா." பத்திரிகையில் இருக்கிறவள், நாலு பேரிடம் விசாரிக்கத் தெரிந்தவள் என்று என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். ஆனி மாதம் புறப்பட்டோம்.

மூன்று நாள் கரையோரமாகவே பேருந்தில் போனோம். லார்னகாவில் பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும் கடற்கரைச் சாலை. பாஃபோஸில் துறைமுகத்து நுனியில் சதுரமான சிறு கல்கோட்டை. நான் இவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நங்கை பார்த்தது மாடி முகப்புகளை. எந்த ஊரில் இறங்கினாலும் விடுதிகளின் கம்பிகளில் காயும் துண்டுகளை அண்ணாந்து பார்த்தபடி நடந்தார். வழியில் சப்பாத்திக் கள்ளி வேலிகளைக் கண்டபோது மட்டும், "ஆட்டையாம்பட்டி ரோட்டுக்கு வந்தாப்பல இருக்குது" என்றார். லிமாசோலில் ஒரு வெள்ளைக்கார அம்மாளின் தோளில் கிடந்த துண்டின் நுனியை அவர் தொட்டுப் பார்க்க, அந்த அம்மாள் இவருக்குக் குளிர்கிறதென்று நினைத்து அதை எடுத்துப் போர்த்திவிட்டார். நங்கை போர்த்தியபடியே நின்று நிறத்தைப் பார்த்துவிட்டு, கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதுவும் வெளுத்திருந்தது. பார்த்த எல்லாமே வெளுத்திருந்தன. கிழக்குக் கரைக்குப் போகும் பேருந்தில் அவர் ஒரே ஒரு முறைதான் பேசினார். "அந்தப் பதினெட்டுப் பேருகிட்ட என்னன்னு சொல்றது?"

மறுநாள் காலைதான் இந்தத் துண்டுகள். நான் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத் திரும்புவதற்குள், நங்கை பதினொன்றையும் மணல் போக உதறி, மூன்றாக மடித்து, ஓரம் பிசகாமல் ஒரே அடுக்காக வைத்துவிட்டார். கூடத்தில் முப்பது வருஷமாகச் செய்துவந்த வேலை. கை தன்போக்கில் செய்திருக்கிறது.

ஏழு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். கையில் செய்தித்தாளுடன் வந்த பருத்த மனிதர் ஒருவர் வெறுங்கட்டிலைக் காட்டிச் சத்தம் போட்டார். விடியுமுன் துண்டு போட்டுவைத்தால் அந்தக் கட்டில் போட்டவருடையது, அதுதான் இங்கே வழக்கம் என்று விடுதி மேலாளரான பெண்மணி வந்து விளக்கினார். நான் தமிழில் சொன்னதும் நங்கை மூன்று நாளில் முதல் முறையாகச் சிரித்தார். "அட, இவிங்களும் பஸ்ஸுக்குள்ள துண்டு போட்டு எடம் புடிக்கற கூட்டந்தானா?" எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்று நான் அந்த மனிதருக்கு எடுத்துச் சொன்னேன். "அப்படியானால் தெரிந்துதானே எடுத்திருக்கிறார்?" என்று அவர் கேட்டார். "கேக்கறது ஞாயந்தானுங்க" என்று சொல்லி, நங்கை துண்டுகளைத் திரும்ப விரிக்கத் தொடங்கினார்.

ஐந்தாவது துண்டில் அவர் கை நின்றது. விரித்தவற்றில் இரண்டு, மற்றவற்றின் நடுவே கருநீலமாகக் கிடந்தன. ஒன்றைப் புரட்டினார். வெளிர்நீலம். மறுபடி புரட்டினார். கருநீலம். விடுதியின் முத்திரை ஒரு பக்கம் மட்டுமே தைத்திருந்ததால் எல்லோரும் அந்தப் பக்கம் மேலே தெரியும்படிதான் விரிப்பார்கள். இவர் அவசரத்தில் மாற்றி விரித்திருந்தார். "தண்ணியில சாயம் போயிருந்தா ரெண்டு பக்கமும் போயிருக்கோணும் அம்மிணி. இது வெயிலு குடிச்சது. விடியறப்ப போட்டுட்டுப் போறாங்க, ஆளு வர்ற வரைக்கும் ஒரே பக்கமாக் காயுது." துண்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "மூணு நாளா ஒரு பக்கத்தயே பாத்துட்டு வந்திருக்கறேன். எங்கூடத்துல ஒரு புள்ள இப்படிப் பாத்திருந்தா அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பியிருப்பேன்." இது எங்கள் கூடத்துத் துண்டு, வெளுத்தது சாயத்தின் குற்றமில்லை என்று நான் எடுத்துச் சொன்னதும், மேலாளர் ஒரு துண்டை எடுத்து நெடுநேரம் இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மடித்து நங்கையிடமே கொடுத்தார். ஐப்பசியில் மறுபடியும் நீலத் துண்டு கேட்டுக் கடிதம் வந்தது. கூடத்தில் யாரும் வேலையை விட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை.

அந்தத் துண்டை நங்கை கூடத்தில் வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே ஆணியில் மாட்டினார், கருநீலப் பக்கம் வெளியே தெரியும்படி. புதிதாக வேலைக்கு வரும் பெண்களை முதல் நாள் அதைப் புரட்டிப் பார்க்கச் சொல்வார். அது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. இப்போது இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். கூடத்தை மருமகள் பார்த்துக்கொள்கிறாள். போன வாரம் பார்க்கப் போனபோது, "அந்தத் துண்டு இருக்குதா அம்மிணி?" என்று கேட்டார். "இருக்குமுங்க நங்கை." "எடுத்துட்டு வா, ஒருக்காப் பாக்கறேன்." பின்கட்டுக் கூடத்துக்குப் போய் ஆணியிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே வெளிர்நீலம்.