புகைக்கு ஒரு முன்னறிவித்தல்

இந்த ஜேர்மன் நாட்டில் புகைக்கும் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்வளவில், முன்பு இருந்தவர் விட்டுப்போன இரும்புப் பெட்டியொன்று நின்றது. இறைச்சியை உள்ளே கொழுவி, அடியில் மரத்தூளைப் புகையவிட்டு வாட்டுவதற்கானது. வீட்டுப் பராமரிப்பாளர் ஹெர் லாங்க அதற்குரிய விதிகளை விரல் மடக்கிச் சொன்னார். சனிக்கிழமை மட்டும். பகல் பத்திலிருந்து நாலு வரை. காய்ந்த மரம், வர்ணம் பூசிய பலகை கூடாது. இரண்டு நாட்களுக்கு முன் அயலவரின் கடிதப்பெட்டிகளில் அறிவித்தல். ஐந்தாவது விரலையும் மடக்கி ஏதோ சொன்னார். விளங்கவில்லை. "யா, யா" என்று தலையாட்டினேன்.

யாழ்ப்பாணத்தில் நான் பத்திரிகையொன்றில் செய்தி திருத்துபவனாக இருந்தவன். அங்கே புகை எழும்பினால் எந்தப் பக்கம் என்று பார்த்து, சைக்கிளில் ஆள் அனுப்புவோம். யாரும் அறிவித்துவிட்டுக் கொளுத்தியதில்லை. அதனாலோ என்னவோ, இந்த விதி எனக்குப் பிடித்துப்போனது.

என் மனைவி மலர் வன்னிப் பக்கத்தவள். வேட்டை இறைச்சியை அடுப்புக்கு மேலே புகையில் வாட்டும் வீட்டில் வளர்ந்தவள். அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. வாட்டிய பன்றியிறைச்சியைத் தவிர வேறெதுவும் அவள் வயிற்றில் தங்கவில்லை. அகதி விடுதிக்கு வெளியே வாழ எங்களுக்குக் கிடைத்த அனுமதி, இந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம் இருக்கும்வரைதான்.

வீட்டைப் பிடித்துத் தந்தவர் மேல்மாடியில் இருந்த தேவன் அண்ணை. எங்களுக்கு முன்னரே வந்து ஜேர்மன் மொழி படித்தவர். அறிவித்தலையும் அவரே எழுதித் தந்தார். நாங்கள் திகதியை மாற்றிப் பிரதி செய்து, இரண்டு ஜேர்மன் வீடுகளுக்குப் போட்டோம். அவருடைய பெட்டிக்கு மட்டும் பகிடியாகத் தமிழில்: "அண்ணை, சனிக்கிழமை புகை போடுறம். கோப்பையோட வாங்கோ." ஒவ்வொரு சனியும் சாப்பாட்டுக் கோப்பையுடன் இறங்கி வருவார்.

"பிள்ளை, இது ஜேர்மன்காரனுக்குச் செய்ததோ? உறைப்பைக் காணேல்லை."

"நாலாம் துண்டிலயோ அண்ணை கண்டுபிடிச்சனீங்கள்?" என்பாள் மலர்.

ஒக்டோபரில் ஹெர் லாங்க ஒரு கடித உறையோடு வந்தார். அயலவர்கள் வீட்டு உரிமையாளரிடம் முறைப்பாடு செய்திருந்தார்கள். ஹெர் லாங்க அந்த ஐந்தாவது விரலை மறுபடி மடக்கி, சொல் சொல்லாகச் சொன்னார். இம்முறை விளங்கியது: எப்போதாவது மட்டும். நாங்கள் புகை போட்டது ஒன்பது சனிக்கிழமைகள். அதற்குச் சாட்சியாக, விதிப்படி நாங்கள் போட்ட அறிவித்தல்களின் பிரதிகளே இணைக்கப்பட்டிருந்தன. இன்னொரு முறை புகை எழுந்தால் ஒப்பந்தம் முறியும்.

பிரதிகளில் ஒன்று தமிழில் இருந்தது. என் கையெழுத்து. கீழே ஜேர்மன் மொழிபெயர்ப்பு, எங்களுக்கு அறிவித்தல் எழுதித் தந்த அதே கையால். தமிழில் இரண்டு வசனங்கள், ஜேர்மனில் ஒன்று. கோப்பைக்கு அவர்கள் சொல்லும் 'டெல்லர்' என்ற சொல் எனக்குத் தெரியும். தேடினேன். இல்லை.

மேலே போனோம். தேவன் அண்ணை கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"தம்பி, அவங்கள் வந்து உங்கட அறிவித்தலைக் கேட்டவங்கள். குடுக்காட்டி ரெண்டு தமிழ் வீடும் ஒண்டெண்டு எழுதிப்போடுவாங்கள். எனக்கு வாற மாசம் அகதி வழக்கு விசாரணைக்கு டேர்மின். நான் பொய் ஒண்டும் எழுதேல்லையே."

"ஓம் அண்ணை, பொய் இல்லை" என்றாள் மலர். "திண்டதை மட்டும்தான் விட்டிட்டியள்."

ஒரு கிழமைக்குள் பதில் கொடுக்க வேண்டும், ஜேர்மனில். அந்தச் சிற்றூரில் ஜேர்மன் எழுதத் தெரிந்த தமிழர் அவர் ஒருவர்தான். மூன்றாம் நாள் அவருடைய மேசைக்கு எதிரே உட்கார்ந்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதினார். விதியைத் தவறாக விளங்கிக்கொண்டோம். இனிப் புகை போடமாட்டோம். குழந்தை பிறக்க இருக்கிறது. மேல்வீட்டுக்காரரும் ஒவ்வொரு முறையும் எங்களோடு சாப்பிட்டார்.

பேனா நின்றது. "இதையும் போடவோ?"

"போடுங்கோ அண்ணை."

ஏதோ எழுதினார். தாளை என் பக்கம் திருப்பினார். ஒன்பது வருடம் பிறருடைய ஒரு வரியையும் வாசிக்காமல் அச்சுக்கு விடாதவன் நான். அடியில் என் பெயரைத் தமிழில் எழுதினேன். அந்தப் பக்கத்தில் என்னால் வாசித்து விளங்க முடிந்தது அது ஒன்றுதான்.