பதிமூன்றேகால்

1. காலை எட்டு மணிக்கு, பாகூர் பக்கம் கரும்பு வெட்டிய நிலத்தில், பந்தயத்துக்கு வந்த ஆறு பழைய கார்களின் சக்கரங்களையும் சோதித்தேன். ஐந்து பன்னிரண்டு அங்குலம், ஒன்று பதிமூன்று.
2. அந்த ஒன்று நிலத்துக்காரரின் மருமகனுடையது. பன்னிரண்டுக்கு மேல் கூடாது என்பது விதி. அது ஓடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
3. நிலத்துக்காரர் தையல் டேப் ஒன்றைக் கொண்டுவந்தார்.
4. ஒன்பது மணிக்குள் எல்லாச் சக்கரங்களும் பன்னிரண்டைத் தாண்டிவிட்டன.
5. விதி ரத்தானது. என் கையெழுத்தையும் அடித்துவிட்டார்கள்.

நான்காவதை விளக்க வேண்டும். சக்கர அளவு என்பது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் குறுக்களவு. ரிம்மின் வெளி உதடு அதைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் பெரிது. டயர் மாட்டியபின் உட்காரும் இடத்தில் டேப் நுழையாது. டயரின் பக்கத்தில் இருக்கும் எண்ணைத்தான் படிக்க வேண்டும். நிலத்துக்காரர் உதட்டை அளந்தார்.

“இன்னாம்மா, உங்கக்கா வண்டியே பதிமூணேகால் காட்டுது? படிச்ச புள்ள, நீயே ஏமாத்தலாமா?”

“ஐயா, அது ரிம்மோட உதடு. டயர்ல பன்னண்டுன்னு போட்டிருக்கு பாருங்க.”

“டயர்க்காரன் ஆயிரம் போடுவான். டேப்பு பொய் சொல்லுமா?”

“உதட்டுக்கு லிப்ஸ்டிக் போட்டு அளங்கபா!” என்றான் மருமகன். சிரித்தார்கள். அவன் சக்கரத்தையும் அளக்கச் சொன்னேன். பதினாலேகால். “ஒரு இஞ்சிதான? பன்னண்டத் தாண்டிட்டா எல்லாம் ஒண்ணுதான்” என்றார் மாமனார்.

அவர்களைவிட எனக்கு அருவருப்பூட்டியவர்கள் மற்ற நான்கு ஓட்டுநர்கள். வண்டியோடு வந்த சக்கரத்திலேயே ஓட்டலாம், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்று இவர்களுக்காகத்தான் அந்த விதியே. ஒருவர் செல்போனைப் பார்த்தார். மதகடிப்பட்டிலிருந்து வந்த டிராக்டர் மெக்கானிக் என் காதருகே சொன்னார்: “வுடு தங்கச்சி. நெலம் அவருது. அடுத்த வாட்டி எடம் யாரு குடுப்பா?”

விதியைத் தமிழில் எழுதியவள் நான். ‘சக்கரம் பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் கூடாது’ என்று எழுதினேன். எந்த இடத்தில் அளப்பது என்று எழுதவில்லை. தொழிற்சாலையில் தினமும் அளவு சரிபார்க்கும் வேலை எனக்கு. இதை நினைத்தால் இன்னும் வாய் கசக்கிறது.

பந்தயம் நடந்தது. பெரிய சக்கரம், வண்டிகள் பறித்த பள்ளத் தடங்களின் மேலே ஏறிப் போனது. எங்கள் வண்டி மூன்றாவது சுற்றில் அடிவயிற்றில் மண் இடித்து, எண்ணெய் ஒழுக நின்றது. அக்கா இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

“எதுக்குடி கையெழுத்த அடிக்கவுட்ட? அப்பவே வண்டிய ஏத்திக்கினு வூட்டுக்குப் போயிருக்கலாம்.”

பதில் சொல்வதற்குள் மைக்கில் என்னைக் கூப்பிட்டார்கள். நிலத்துக்காரர் எனக்குச் சால்வை போர்த்தி, மருமகனுக்குக் கோப்பையை என் கையாலேயே கொடுக்கவைத்தார். கொடுத்தேன். புகைப்படத்தில் நான் சிரிப்பது போலத்தான் இருக்கிறது.

இப்போதைய நிலை: அடுத்த பந்தயத்தின் விதித்தாள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. ‘சக்கரம்: அவரவர் வசதி’ என்றிருக்கிறது. கீழே சோதிப்பவர் என்று என் பெயர். நீக்கச் சொல்லி இரண்டு முறை எழுதினேன், நீக்கவில்லை. நான்கு ஓட்டுநர்களில் இருவர் பதிமூன்றுக்கு மாறிவிட்டார்கள். எங்கள் வண்டி பன்னிரண்டில் நிற்கிறது. எண்ணெய்த் தொட்டியை ஒட்டவைத்தாகிவிட்டது. அக்கா பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை.