லூசியன் வளைத்த வழி

என் தம்பி லூசியனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன? அவனோடு ஒரே வீட்டில் காலம் தள்ளுவது நான்தானே.

ஊராட்சியில் ரோடு போடும் ஆளாக வேலை பார்த்தான். குழியை அடைப்பது, ஓரத்துப் புல்லை வெட்டுவது, பனி விழுந்தால் வண்டி வழுக்காமலிருக்க விடியும் முன் உப்பு தூவுவது, இதிலேயே அவன் வயசு ஓடிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானும் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை. சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சூப் குடிப்போம். அவன் வாயிலிருந்து நான்கு வார்த்தை வந்தால் அன்றைக்கு மழை என்று அர்த்தம்.

பென்ஷன் வாங்கிய பிறகு அவனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அப்போதுதான் ரொட்டிக்கடை யானிக்கும் அவன் கூட்டாளிகளும் சைக்கிள் சங்கம் ஆரம்பித்தார்கள். மலைசைக்கிள் ஓட்ட நம் காடுகளில் வழி போட்டுக் கொடு என்று கேட்டார்கள். லூசியனுக்குச் சைக்கிள் ஏறினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனாலும் சந்தோஷமாகச் சம்மதித்தான். அரிவாளும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு நடந்தே முள்ளை வெட்டினான், மரத்துக்கு மரம் அம்புக்குறிப் பலகை அடித்தான். லேசான வழிக்குப் பச்சை, அப்புறம் நீலம், சிவப்பு, கடைசியில் கழுத்தை முறிக்கிற கறுப்பு. வருஷா வருஷம் அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை லிமோஜ், போர்தோ மாதிரி நகரங்களிலிருந்தெல்லாம் கூட்டம் வந்து அவன் வழிகளில் சேறு தெறிக்க ஓட்டிவிட்டு, அவன் முதுகில் தட்டிவிட்டுப் போகும். சிவப்பு வழியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் எல்லாரும் அவனைத் திட்டுவார்கள். சமமாகப் போய்க்கொண்டிருக்கிற பாதை திடீரென்று திரும்பி, கல்லும் வேருமாக ஒரு மேட்டில் ஏறி, சுற்றி வளைத்து மறுபடி கீழே இறங்கும். அந்த மேட்டுக்கு 'லூசியனின் தண்டனை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. வீட்டை எழுதிக் கொடுப்பார்கள், மாட்டை எழுதிக் கொடுப்பார்கள், செப் காளான் முளைக்கிற இடத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்ல மாட்டான். அப்பா சாகக் கிடந்தபோது என்னைப் பார்த்து, "ஓடெட், எனக்குக் கொஞ்சம் காப்பி போட்டுக் கொண்டா" என்றார். போட்டுக்கொண்டு வந்தேன். அதற்குள் லூசியனிடம் சொல்லி முடித்துவிட்டார். காப்பியை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. மூத்தவள் நான். அவரைக் குளிப்பாட்டியவள் நான். அடுப்படிக்கு அனுப்பப்பட்டவளும் நான்.

சொத்து பிரித்தபோது வயல் அவனுக்கும் ஓக் காடு எனக்கும் வந்தது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவன் கூடையில் காளான் கொண்டுவந்து மேசையில் வைப்பான். தலை கறுத்து, தண்டு தடித்து, வேறு யார் கூடையிலும் நான் பார்க்காத சாதி. நான் கழுவி, பூண்டு போட்டு வதக்கி, மிச்சத்தைப் பாட்டிலில் அடைப்பேன். எங்கே பறித்தாய் என்று கேட்டால், "காட்டுல" என்பான். ஒருமுறை பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெர்னேட் கல்லறைத் தோட்டத்தருகே அவன் வேன் நின்றது. அன்றிலிருந்து எத்தனையோ வருஷம் அந்தப் பக்கத்துக் காட்டையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தேன். கஷ்கொட்டைதான் கிடைத்தது.

இப்போது மிரேயைப் பற்றி. தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள், புருஷனை இழந்தவள், சைக்கிள் சங்கத்தின் செயலாளர். என்னைவிடப் பத்து வயசு சின்னவள், இன்னும் சைக்கிள் ஓட்டுகிறாள். வருஷா வருஷம் அம்புக்குறி அடிக்க லூசியனோடு போவாள். அவள் பலகையைப் பிடிப்பாள், இவன் ஆணி அடிப்பான். ஒருநாள் அவர்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது தூரத்திலேயே சத்தம் கேட்டது. என் தம்பி பேசிக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டும் இருந்தான். எனக்குப் பொறாமைதான், அதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது?

இந்த வருஷம் சைக்கிள் ஓட்டத்தன்று பாதி வழியில் சாப்பாட்டு மேசை போட்டிருந்தோம். ரொட்டி, பூண்டு சாசேஜ், சிவப்பு ஒயின். மிரேய் மாவுக்குள் உருளைக்கிழங்கு அடைத்துச் சுட்ட பெரிய அப்பம் ஒன்றைக் கொண்டுவந்து வெட்டினாள். உள்ளே காளான். கறுத்த தலை, தடித்த தண்டு.

"இது எங்க கிடைச்சுது மிரேய்?"

"காட்டுல தான் ஓடெட். வேற எங்க கிடைக்கும்?" என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டை என் தட்டிலும் வைத்தாள்.

என் தம்பியின் பதில், அவள் வாயில். அந்தத் துண்டை நாய்க்குப் போட்டேன். ராத்திரி சூப் குடிக்கும்போது நேரடியாகக் கேட்டேன்.

"அப்பா சொன்ன இடத்த அவகிட்ட சொல்லிட்டியா?"

"எவகிட்ட?"

"ரொம்ப நடிக்காத. மிரேய்கிட்ட."

"உனக்கு வேற வேலையே இல்லயா அக்கா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனான். நான் தூங்கவில்லை. இவ்வளவு வருஷம் சோறு போட்ட எனக்குச் சொல்லாததை, பலகை பிடித்துக் கொடுத்தவளுக்குச் சொல்லிவிட்டானா? எனக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். காளான் யாருக்கு வேண்டும்?

வியாழக்கிழமை ஊராட்சி மண்டபத்தில் சங்கக் கூட்டம். மிச்சமிருந்த சாசேஜையும் ஒயினையும் காலி செய்வதற்காகவே கூடுகிற கூட்டம். வழி யார் யார் நிலத்தில் போகிறதோ அவர்களையும் கூப்பிடுவார்கள். நிலத்துக்காரர் வாயால் சரி என்று சொன்னால்தான் வழி. நானும் போய் உட்கார்ந்தேன்.

யானிக் எழுந்தான். "லூசியன், கோவிச்சுக்காத. அடுத்த வருஷம் அந்தத் தண்டனை வேணாம்ப்பா. மூணு பேருக்கு முட்டி பேந்துருச்சு. நேரா ஓக் காட்டுக்குள்ள பழைய வண்டிப்பாதை இருக்கு. அதுல விட்ருவோம்."

"அங்க ஒரே சேறு" என்றான் லூசியன்.

"நேத்து நடந்து பாத்தேன். என் கடை மாவு மாதிரி காஞ்சு கிடக்கு."

லூசியனின் காது சிவந்தது. வேட்டைக்காரர்கள் வருவார்கள் என்றான். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வேட்டையை அவர்களே நிறுத்தி வைக்கிறார்கள் என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். லூசியன் தலையைக் குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது மிரேய் நிதானமாகச் சொன்னாள். "அந்தக் காட்டுக்காரங்க சம்மதிக்கல. நான் கேட்டுப் பாத்துட்டேன்."

மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. அந்தக் காட்டுக்காரி நான். என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இல்லை; அங்கே வேன் நின்றது என்னை ஏமாற்றத்தான். என் காட்டில் இருக்கிறது. என் காட்டில் பறித்து, என் கையாலேயே கழுவ வைத்து, எனக்கே 'காட்டுல' என்று பதில் சொல்லியிருக்கிறான் படுபாவி. இவளுக்கும் தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்?

"அப்படியா ஓடெட்? நீங்களா வேணாம்னீங்க?" என்று யானிக் கேட்டான்.

இல்லை என்று சொன்னால் போதும். மிரேய் பொய்க்காரி ஆகிவிடுவாள், அடுத்த அக்டோபரில் முந்நூறு சைக்கிள் அந்த இடத்தை உழுதுவிடும். நாக்கு நுனி வரை வந்தது. லூசியன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். சின்ன வயசில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு என் பாவாடைக்குப் பின்னால் ஒளிவானே, அந்தப் பார்வை.

"ஆமா, நான்தான் வேணாம்னேன். என் காட்டுல டயர் வாசனையே ஆகாது எனக்கு" என்றேன். ஊர் என்னைச் சிடுமூஞ்சி என்று நினைத்தது. அது ஏற்கெனவே நினைப்பதுதான்.

வேனில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்ப சொன்ன அவகிட்ட?"

"சொல்லவே இல்ல அக்கா."

"சொல்லாம எப்படித் தெரியும்? கனவுல வந்துச்சா?"

"சத்தியமா சொல்லல. எனக்கே புரியல." கொஞ்ச தூரம் ஓட்டினான். பிறகு, "காலைல என்கூட வா. காட்டுறேன்" என்றான்.

என் வாழ்க்கையில் இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். விடியும் முன்பே ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து என் காடு கூப்பிடு தூரம். மனுஷன் பழக்க தோஷத்தில் ஆற்றைத் தாண்டி வெர்னேட் போய், கல்லறைத் தோட்டத்தருகே வேனை நிறுத்தி, என்னை அத்தனை தூரமும் திரும்பி நடக்க வைத்தான். வழியெல்லாம் திட்டிக்கொண்டே நடந்தேன். ஆனால் மனசுக்குள் குழந்தை மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தேன்.

வண்டிப்பாதையிலிருந்து பத்தடி உள்ளே தள்ளி, மூன்று பழைய ஓக் மரங்களுக்கு நடுவில் ஒரு சரிவு. லூசியன் குனிந்து சருகை விலக்கினான். கீழே கத்தியால் வெட்டிய தண்டு, இன்னும் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. எல்லாவற்றையும் வெட்டி, தடம் தெரியாமல் சருகால் மூடியிருந்தது. வெயில் படாத அந்தச் சரிவின் ஈர மண்ணில் ஒற்றைச் சைக்கிளின் டயர் தடம் வந்து, நின்று, திரும்பிப் போயிருந்தது. பக்கத்திலேயே ஒரு பெண்ணின் சின்ன பூட்ஸ் அடையாளம்.

"நாலு வருஷமா வரத்துக் குறைஞ்சுட்டே வந்துச்சு" என்றான் மெல்ல. "நான் மழையத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"அவளுக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"எப்படித் தெரியாது? சமமான பாதைய விட்டுட்டு இந்த ஒரு இடத்துல மட்டும் வழிய வளைச்சு மேட்டுல ஏத்தினேனே. நானே அம்பு போட்டுக் காட்டிட்டேன்."

ஆக, அவன் சொல்லவில்லை. எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. நெஞ்சில் இருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது. சிரிக்கலாம் என்று அவனைப் பார்த்தேன்.

அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. கண்ணில் தண்ணீர்.

"நாலு வருஷம் அக்கா. கூடவே பலகை பிடிச்சுக்கிட்டு நின்னா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு."

என்னைப் பார்த்துத்தான் சொன்னான். யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. அப்பா எனக்குக் காட்டாத இடத்தில், என் காட்டில், முதல்முறையாக நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் அந்த டயர் தடம் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.