காற்றுக் குழாயும் எலுமிச்சம்பழமும்

1. எங்கள் கீழ்வீட்டுக்காரர் தம் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய காற்றுக் குழாய் ஒன்றைப் பொருத்தினார். அதன் வாய் முன்பம்பருக்குக் கீழே திறந்திருந்தது.
2. இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்று தாராளமாகக் கிடைத்தது. கார் பறந்தது.
3. கண் பட்டுவிடும் என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்னால் கட்டினார்.
4. கார் பறப்பதை நிறுத்திவிட்டது.

கட்டையான மனிதர். அம்பத்தூர் வெயிலிலும் ரேஸ்காரர் ஜாக்கெட்டைக் கழற்றமாட்டார். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் கன்னம் உப்ப மூச்சை அடக்கிக்கொள்வார்.

கார் பாகங்கள் செய்யும் ஆலையில் நான் இன்ஜினியர் என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது, இழுக்கவே மாட்டேங்குது? என் மச்சான் வந்துகினு கீறான். போன வாட்டியே மாட்டு வண்டின்னு சிரிச்சான்."

குனிந்து பார்த்தேன். எலுமிச்சம்பழம் குழாயின் வாயில் கச்சிதமாகச் சிக்கியிருந்தது.

"அண்ணா, காத்தே உள்ள போகல. இத அவுத்துடுங்க."

"ஐயோ, கண்ணு பட்டுடும்மா!"

"அப்போ பின்னாடி கட்டுங்க."

"பின்னாடி யாரு பாக்கப் போறாங்க?"

"நீங்க வேகமா போனா எல்லாரும் பின்பக்கத்ததானே பாப்பாங்க?"

அவர் முகம் மலர்ந்தது. அவரே குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.

மச்சான் வந்ததும் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு பறந்தார். கரையான்சாவடி வரை போய்த் திரும்பிய மச்சான், கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை விடாமல் கேட்டார்: "மாமா, எறங்கலாமா?"

மூச்சை ஏன் அடக்குகிறீர்கள் என்று பிறகு கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கீற காத்த வண்டி இழுத்துக்கட்டுமேன்னுதான்" என்றார்.

எலுமிச்சம்பழம் இப்போது பின்பம்பரில் தொங்குகிறது. கார் நன்றாக இழுக்கிறது. அவர் இன்னும் மூச்சை அடக்குகிறார்.