பின்சீட்டுப் புகை

அந்த சூப்பர்வைசரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. கடைசியில் மனசு இளகிவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

1991இல் எனக்குப் பத்தொன்பது வயது. சேரப்பணஞ்சேரியில் வீடு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒயர் கட்டும் வேலை. அப்பா இல்லாத வீடு. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. கம்பெனி இரண்டு வேன் விட்டிருந்தது. ஆபீஸ்காரர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் புது வேன். லைனில் வேலை செய்யும் பெண்களுக்கு, ஒரு காலத்தில் திருப்பதி, ராமேஸ்வரம் என்று யாத்திரை போய்வந்த கிழட்டு வேன். அதற்குள்ளேயே படுத்து, சமைத்து, சாப்பிட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவதற்காகக் கட்டியது. படுக்கைப் பலகைகளைக் கழற்றிவிட்டு சீட் போட்டார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் போவதற்குப் பின்பக்கத் தரையில் வைத்திருந்த ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. அதற்கு நேர் கீழே சைலன்சர் உடைந்து தொங்கியது. நேர் மேலே என் சீட்.

சாக்கைச் சுருட்டி ஓட்டையில் திணித்து, வழி நெடுகக் காலால் மிதித்துக்கொண்டு போவேன். அப்படியும் புகை ஏறும். ஒருநாள் கேட்டுக்கு வெளியே இரண்டு வேனும் நின்றபோது, இரண்டின் புகைக்குழாயிலும் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டும் டீசல்தான். புது வேனில் விரல் லேசாகச் சாம்பல் பூத்தது. எங்கள் வேனில் விட்ட விரல், சோப்புப் போட்டுத் தேய்த்தும் இரண்டு நாள் கறுப்பாகவே இருந்தது. விரலே இப்படியென்றால் நெஞ்சு என்ன ஆகியிருக்கும் என்று பயந்துபோனேன்.

இருமல் பிடித்து மாதக்கணக்கில் விடவில்லை. ஆயுத பூஜைக்கு முன்பு ஒருநாள் சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்தார்.

"உனக்கு டி.பி. இருக்கும்போல. பூஜை லீவு முடிஞ்சி டாக்டர் சர்டிபிகேட்டோட வா. இல்லன்னா கேட்டுக்குள்ள கால் வெக்காத."

"டி.பி. இல்ல சார். வேன் பொகை சார்."

"நாங்களும்தான் வேன்ல வர்றோம். எங்களுக்கு இருமலா வருது?"

லைன் முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்தவள் தன் ஸ்டூலை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அவர் சொன்னதைவிட அந்த ஸ்டூல் நகர்ந்த சத்தம்தான் எனக்கு வலித்தது.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் போய்க் காட்டினேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. சளி டெஸ்ட் முடிவு வர ஒரு வாரம் ஆகும், அதற்கு முன்னால் எழுதித் தர முடியாது என்றார் டாக்டர். லீவு முடிந்த காலையில் சர்டிபிகேட் இல்லாமல்தான் வேன் ஏறினேன். திருப்பி அனுப்பத்தான் போகிறார்கள் என்று தெரியும்.

ஒரகடத்தைத் தாண்டியதும் புது வேன் ஓரமாக நின்றிருந்தது. முன்னால் ஆவி பறந்தது. பூஜைக்கு வாழை மரமும் சாமந்தி மாலையும் முகப்பு முழுக்கக் கட்டி, அதைப் பிரிக்காமலே ஓட்டி வந்திருக்கிறார்கள்.

"காத்து போவ வழியே இல்லாம கட்டிகினு வந்தா, ரேடியேட்டர் கொதிக்காம இன்னா பண்ணும்?" என்றார் எங்கள் டிரைவர்.

அப்படிக் கட்டச் சொன்னதே சூப்பர்வைசர்தானாம். ஆபீஸ்காரர்கள் எங்கள் வேனில் ஏறி முன்பக்கம் நெருக்கி உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழுந்தேன்.

"சார், இங்க வாங்க சார். ஜன்னலோரம்."

அவர் வருவதற்குள் சாக்கைக் காலால் உருவி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பக்கத்து சீட்டு அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏய், இன்னாடி பண்ற?"

"சும்மா இரு அக்கா. முந்தானைய மூக்குல வெச்சிக்கோ."

வல்லம் வருவதற்குள் அவர் கண் சிவந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தார்; வெளிப்புகையும் சேர்ந்து உள்ளே வந்தது. வெள்ளைச் சட்டையில் கரி படிந்தது. அக்காவும் இருமினாள், நானும் இருமினேன். ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன புகையை அன்றைக்குத்தான் நான் ரசித்தேன்.

கம்பெனி கேட்டில் இறங்கியவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். வாட்ச்மேன் தண்ணீர் எடுக்க ஓடினார். இரண்டு வேன் ஆட்களும் சுற்றி நின்றார்கள். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், சர்டிபிகேட் எடுத்தாந்தீங்களா?"

அவர் மறுபடியும் குனிந்து இருமினார். அவரைத் தாண்டிக்கொண்டு கேட்டுக்குள் போனேன். என்னிடம் யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை.

மறுநாள் ஓட்டையைத் தகரம் வைத்து வெல்டிங் செய்து, சைலன்சரையும் மாற்றியிருந்தார்கள். நாங்கள் முப்பது பெண்கள் மாதக்கணக்காகச் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அந்த ஒரு ஆள் அரை மணி நேரம் இருமியதும் ஒரே ராத்திரியில் வேலை முடிந்துவிட்டது. வேலை பிழைத்ததே என்று அம்மா சாமி கும்பிட்டாள். எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது.