என் மொட்டைமாடி ஊட்டியும், சுட மறுத்த வெந்நீரும்

நான்கு நாட்களாக எங்கள் மொட்டைமாடியில் ஊட்டி இறங்கியிருந்தது!

நம்பாதவர்கள் ராஜபாளையம் வந்து விசாரித்துக்கொள்ளலாம். (பஸ் ஸ்டாண்டில் என் பெயரைச் சொன்னால் போதும், ஆட்டோக்காரர்களே கைப்பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள்.)

மகள் செல்வி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேத்தி பிறந்து இருபத்தைந்து நாள்.

பிள்ளை பெற்ற உடம்புக்கு ஆவி பறக்க வெந்நீர் ஊற்ற வேண்டுமே! பட்டாளத்தில் இருக்கும் மாப்பிள்ளை அதற்காகவே ஹீட் பம்ப் என்கிற வெந்நீர் மிஷின் ஒன்று வாங்கி மாடியில் மாட்டச் செய்தார். வடக்கே பனியில் நிற்கிற மனுஷன். வெந்நீரின் அருமை தெரிந்தவர்.

ஒரு டேங்க். பக்கத்தில் ஃபேன் வைத்த ஒரு பெட்டி. அம்புட்டுத்தான்.

முதல் வாரம் தண்ணீர் கொதித்தது. முட்டை போட்டால் வெந்திருக்கும். (போட்டுப் பார்க்க என் மனைவி சரோஜா விடவில்லை.)

ஒருநாள் மதியம் தற்செயலாக அந்தப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

சில்லென்று ஒரு காற்று!

கீழே தண்ணீரைக் காய்ச்சுகிற மிஷின் மேலே குளிரை ஊதுகிறது. உலகத்தில் எத்தனை பேருக்கு இது கண்ணில் பட்டிருக்கும்?

அன்றைக்கே நார்க்கட்டிலை மாடிக்கு ஏற்றினேன். மில்லுக்குப் பஞ்சு ஏற்றிவரும் லாரியில் போடுவார்களே, அந்தப் படுதா இரண்டு வாங்கிவந்து, பெட்டியையும் கட்டிலையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினேன். மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் போட்ட முடிச்சு. ஒரு பொட்டுக் குளிர் வெளியே போகாது!

மேற்கே மட்டும் ஒரு கை அகலம் திறப்பு. மலை பார்க்க.

அதில் படுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருக்கும். உள்ளே நான் போர்வைக்குள். கண் செருகும்போது மலை மெல்ல எழுந்து கட்டில் பக்கமாக நகர்ந்து வரும். மேகம் திறப்பு வழியாக நுழைந்து கால்மாட்டில் பூனை மாதிரி சுருண்டுகொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தரையை விட்டுக் கிளம்பி, பால்கோவா வாசத்தோடு மிதந்து போகும். நான் கட்டிலோடு அதன் பின்னால் போவேன். கீழே ஊரெல்லாம் சின்னதாக, வெள்ளையாக, பஞ்சுப்பொதி மாதிரி...

"இங்கேருங்க!"

சரோஜா. (ஊட்டியிலிருந்து ஒரேயடியாக விழுந்தேன்.)

"தண்ணி வெதுவெதுன்னு கூட இல்ல. பச்சை உடம்புக்காரிக்கு இதையா ஊத்துறது?"

சும்மா இருப்பேனா? சூட்டை அறுபதில் வைத்தேன். டிஸ்பிளே முப்பத்தாறிலேயே நின்றது. ஃபில்டரைக் கழுவினேன். வயரை ஆட்டினேன். மூன்று முறை அணைத்துப் போட்டேன். அசையவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். முன்பு மூன்று மணி நேரத்தில் நின்றுவிடும் பெட்டி, இப்போது பொழுது முழுக்க ஓடியது. எவ்வளவு உழைப்பாளி என்று தட்டிக்கொடுத்தேன். எனக்கும் நாள் முழுக்கக் குளிர்!

சரோஜா கேஸ் அடுப்பில் அண்டா வைத்தாள். தூக்கி இறக்கியதில் மூன்றாம் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது.

அதற்குள் சேதி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டது. சம்பந்தியம்மா போன் போட்டார்கள்.

"அண்ணே, மதினிக்கு எதுக்குக் கஷ்டம்? இங்க வெறகடுப்புல எந்நேரமும் தண்ணி காஞ்சுகிட்டுக் கெடக்கு. நாளைக்குச் சாயந்தரம் வாரேன். பிள்ளையையும் தாயையும் கூட்டிட்டு வந்திருதேன்."

நியாயமான பேச்சுதான். ஆனால் மூன்று மாதம் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். பேத்தி என் விரலைப் பிடிக்கப் பழகியே இரண்டு நாள்தான் ஆகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்தான். தொட்டிலுக்கு அது தூரம்.

மறுநாள் காலை தேவதானத்திலிருந்து மெக்கானிக் பரமசிவத்தை வரவழைத்தேன். பட்டாளத்தில் மிஷின் பார்த்து ஓய்வு பெற்றவர். மாடியேறியதும் படுதாவைச் சுற்றி ஒரு சுற்று வந்தார்.

"அண்ணாச்சி, இது என்ன?"

"நம்ம கண்டுபிடிப்பு. உள்ள செத்த நேரம் படுத்துப் பாரும், எந்திரிக்க மாட்டீரு!"

"எம்புட்டு நாளா தண்ணி சுடல?"

"நாலு நாளா."

"படுதா எப்பக் கட்டுனீக?"

"அது... நாலு நாளா."

அவர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

"இந்த மிஷின் காத்துல கெடக்குற வெக்கையை உறிஞ்சித்தான் தண்ணிக்குள்ள விடுது. உறிஞ்சின பொறவு மிச்சக் காத்து குளுந்து வெளிய வருது. நீங்க அந்தக் குளுந்த காத்தையே திரும்பத் திரும்ப அதுக்கு ஊட்டிவிட்டா, அது வெக்கைக்கு எங்க போகும்?"

"ஒரு ஓரமா மட்டும் தொறந்து வச்சா?"

"அண்ணாச்சி!"

நான் போட்ட முடிச்சை நானே அவிழ்த்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. (முடிச்சு அப்படி!)

வெயில் திமுதிமுவென்று உள்ளே வந்தது. மலை பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டது.

முப்பத்தெட்டு. நாற்பத்தைந்து. மூன்று மணிக்கு ஐம்பத்தைந்து!

சாயந்தரம் சம்பந்தியம்மா வந்தபோது குளியலறைக் கதவிடுக்கில் ஆவி கசிந்துகொண்டிருந்தது. வாளியில் விரலை விட்டவர்கள், "ஆத்தீ!" என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு கொண்டுவந்த பையைக் கீழே வைத்தார்கள்.

"பிள்ளையும் தாயும் இங்கனயே இருக்கட்டும் அண்ணே. காப்பி போடச் சொல்லுங்க."

இன்று மதியம் மறுபடி மாடியில் படுத்தேன். படுதா இல்லை, வேப்பமர நிழல்தான். பெட்டி ஊதுகிற குளிர் மேலே பட்டு, பட்டதும் பறந்துபோகிறது. கீழே சரோஜா செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மேல் அடிக்க வேண்டிய வெக்கைதான் குழாய் வழியாக இறங்கி என் மகள் முதுகில் விழுகிறது. அந்த நினைப்பிலேயே தூங்கிப்போனேன். இந்த முறை கட்டில் பறக்கவில்லை. கனவில் பேத்தி என் விரலைப் பிடித்திருந்தாள், அதனால் இருக்கும்.

கோளாறைக் கண்டுபிடித்தது நான்தான் என்று சம்பந்தியம்மாவிடமும் மாப்பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறேன்.

பரமசிவம் இந்தப் பதிவைப் பார்த்தால் லைக் மட்டும் போடவும். கமெண்ட் வேண்டாம்!