தேத்தண்ணிக்குச் சீனி போடாதவர்

இரத்தம் எடுக்கிற இடத்தில் ஊசியைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம்.

கம்பஸ் லீவு விட்டால், மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன லேப்பில் கவுன்டர் வேலை பார்க்கிறேன். டொக்டர் தந்த துண்டை வாங்குவது, பெயரைப் பதிவது, ரிப்போர்ட்டைக் கொடுப்பது. இவ்வளவுக்குத்தான் சம்பளம். வாதாடுவது இலவசம். நல்லதைச் சொல்லப்போய் மூக்குடைபட்டுத் திரும்பிய அனைவரும் என் உறவினர். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆணி

அந்தோணி அண்ணன் வஹகோட்டைக்காரர். நாவுல – மாத்தளை பஸ் ஓட்டுகிறார். வலது கால் பெருவிரலில் ஆறாத புண்ணோடு வந்தார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பல வருஷமாக இருக்கிறது. இந்த மாதத்துக்குள் சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று கிளினிக் டொக்டர் சொல்லிவிட்டாராம். வலது கால் என்றால் பிரேக் மிதிக்கிற கால். விரலோடு டிரைவர் வேலையும் போய்விடுமோ என்பதுதான் அவருடைய பயம்.

செருப்பின் அடியில் ஏறிய ஆணி விரலைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. செருப்பில் இரத்தத்தைக் கண்டு சத்தம் போட்டது அவருடைய மனைவி. உடம்பில் சீனி கூடினால் கால் நரம்பு மரத்துப்போகும், இரத்த ஓட்டம் குறையும், புண் ஆறாது என்று நான் பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “ஆணி குத்தினதுகூடவா தெரியல அண்ணே?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சா காலைத் தூக்கியிருப்பேன்ல மிஸ்? நான் என்ன லூசா?”

வெறும் வயிறு

அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் ஒரு தேயிலைத் தோட்டத்து அக்கா. சாப்பிடாமல் வந்து கொடுக்க வேண்டிய இரத்தம். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, சத்தியமாக ஒன்றுமில்லை என்றார். ஏதாவது குடித்தீர்களா? தேத்தண்ணி மட்டும். சீனி போட்டா?

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். படித்த பிள்ளைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை.

“வெறும் வயித்துல சீனி இல்லாம குடிச்சா மயக்கம் வந்திரும்ல புள்ள!”

மரத்து இனிப்பு

இன்னொரு நாள், பல்லேகமயிலிருந்து வந்த ஒரு சிங்கள அம்மாவுக்கு ரிப்போர்ட் கொடுத்தேன். எண்ணைப் பார்த்துவிட்டு இனிப்பை நிறுத்தச் சொன்னேன். வீட்டில் சீனி வாங்குவதே இல்லை, கித்துள் மரத்துக் கருப்பட்டிதான், அதுவும் சொந்த மரம் என்றார். இரத்தத்துக்குள் போனபின் கருப்பட்டிக்கும் கடைச் சீனிக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்து விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“தங்கச்சி, மரம் மனுசனுக்குக் கெடுதல் செய்யாது. மெஷின்தான் பிழை காட்டும்.”

உள்ளங்கை

அந்தோணி அண்ணனின் இரண்டாவது ரிப்போர்ட்டிலும் சீனி இறங்கவில்லை. மாதத்தில் பாதி போய்விட்டது. டொக்டர் தந்த மாத்திரைக் குளிசையை நேரத்துக்குப் போடுகிறார். பணிஸ் இல்லை, கேக் இல்லை. மனைவி ஒரு பக்கம் நின்று, “தேத்தண்ணிக்குக்கூடச் சீனி போடுறதில்ல மிஸ்” என்று அழாத குறையாகச் சொன்னார். டொக்டரிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். பிறகு எங்கிருந்துதான் ஏறுகிறது?

அன்று மத்தியானம் லேப்புக்கு எதிரே இருக்கிற ரஸீன் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். அண்ணன் உட்கார்ந்திருந்தார். நானா பிளேன்டீயை வைத்தார். அண்ணன் கையை நீட்டினார். நானா பேச்சை நிறுத்தாமலே ஒரு கரண்டி சீனியை உள்ளங்கையில் கொட்டினார். எங்கள் பக்கத்தில் பலர் குடிப்பதே இப்படித்தான்; ஒரு நக்கு, ஒரு மடக்கு. கப் முடியும் முன்னே கை மறுபடி நீண்டது. நாவுலயிலிருந்து ஒவ்வொரு தடவை வந்து இறங்கும்போதும் இதுதானாம். நான் போய் முன்னால் நின்றேன். அவர் பதறவே இல்லை. கப்பைச் சரித்து அடியைக் காட்டினார்.

“பாருங்க மிஸ், உள்ள ஒரு மணி சீனி இருக்கா?”

நானாவின் கை

மனுஷர் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை அதிகம் கொதிக்க வைத்தது. கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் கப்புக்குள்ளேயே தேடியிருக்கிறோம். கோபத்தை நானாவிடம் திருப்பினேன். ஒரு விரலே போகப் போகிறது, நீங்கள் கரண்டி கரண்டியாகக் கொட்டுகிறீர்களே என்றேன். கை நீட்டினவனுக்கு இல்லையென்று சொன்னால் கடையில் பரக்கத் இருக்காது, ஆண்டவன் தருகிற விருத்தி நின்றுவிடும் என்றார் நானா. நான் விடவில்லை. தேத்தண்ணி ஆறிப்போகும் வரை வாதாடினேன். நானா கண்ணாடிக் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் நானும் கடையில் இருந்தேன். அண்ணன் வழக்கம்போல் கையை நீட்டினார். நானா அதில் ஒரு துண்டு இஞ்சியை வைத்தார். “என்ன நானா, கடையில சீனி முடிஞ்சிருச்சா?” என்று அண்ணன் கேட்க, கடையே திரும்பிப் பார்த்தது.

“சீனி மூட்டையா கிடக்கு அந்தோணி. உனக்கு விரல்தான் ஸ்டொக் இல்ல.”

ரிப்போர்ட்

மாதக் கடைசியில் மூன்றாவது ரிப்போர்ட் வந்தது. சீனி நன்றாக இறங்கியிருந்தது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் நொண்டிக்கொண்டே சிரித்தார். புண் காயத் தொடங்கிவிட்டது, விரலை எடுக்கத் தேவையில்லை, டிரைவர் வேலையும் தப்பியது. மனைவி சிலுவை போட்டுக்கொண்டார். ஊசி குத்தி இரத்தம் எடுக்கிற மேரி அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து அவரும் போட்டுக்கொண்டார்.

நான் தொண்டையைச் செருமினேன். உள்ளங்கைச் சீனியும் சீனிதான், வாயில் கலந்தாலும் கப்பில் கலந்தாலும் போகிற இடம் ஒன்றுதான் என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்ல ஒரு பேச்சே தயாராக வைத்திருந்தேன். அண்ணன் முந்திக்கொண்டார். கவுன்டரில் சாய்ந்து, எனக்குப் பாடம் எடுக்கிற தோரணையில் சொன்னார்:

“பாத்தீங்களா மிஸ், எல்லாம் இஞ்சியோட வேலை. இவ்வளவு படிச்சிருக்கீங்க, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?”

விரலையும் காப்பாற்றி வாதத்திலும் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் லேப் கவுன்டர் வேலைக்கே வரக்கூடாது.